செக்பொயின்ட் இல்லாத வளைவு

இன்று காலை கல்முனைக்குச் சைக்கிளில் போனேன். முன்பு ஆமி செக்பொயின்ட் இருந்த வளைவு தாண்டியதும், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு மாமி வீதியோரம் நின்றிருந்தார்.

“மகள், பஸ் ஏன் என்ன ஏத்தாமப் போகுது?”

யாரையோ ஏற்றுவதற்காக பஸ் வளைவில் நின்றிருக்கிறது. அட்டையைக் காட்டி நடந்து கடந்த பழைய பழக்கத்தில் மாமி இறங்கி, வளைவுக்கு அங்கால் ஏறலாம் என்று முன்னால் நடந்துவிட்டார்.

“செக்பொயின்ட எடுத்துட்டாங்களே மாமி!”

“அத எனக்கு ஆரு செல்லுற? மருந்துக் குளிசையும் முடிஞ்சி. இண்டைக்கு கிளினிக்க விட்டா அடுத்த மாசம்தான் புள்ள.”

“பின்னால கெரியல்ல ஏறுங்க.”

“விழுந்தா?”

“விழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தானே போற.”

தேநீர்க்கடையிலிருந்து ஒருவர் கத்தினார். “பொம்புளைகள் டபிள் போறாங்கடோ!”

மாமி அடையாள அட்டையை ஆட்டிக் காட்டினார். “ஓம் தம்பி, வந்து செக் பண்ணுங்க!”

அடுத்த தரிப்பில் ஆள் சேர்த்துக்கொண்டு நின்ற பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். “இனி இடையில இறங்காதீங்க மாமி” என்று சொல்லித்தான் ஏற்றிவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த வளைவு வந்தால் நானும் இன்னும் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டுதான் போகிறேன். வேறு யாரெல்லாம் இப்படி?