வேகமான ஆறா, நிதானமான பன்னிரண்டா

புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவான நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் பொதுவாகவே கவலைப்படுகிற ஆள். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, மூடினோமா என்று பார்க்கப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவேன். ஆனால் இந்தத் தடவை கவலைக்கு நியாயமான காரணம் இருந்தது.

காலடிப்பேட்டை மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் எங்கள் கடை. நானும் என் மனைவியும்தான் முதலாளி, தொழிலாளி எல்லாம். அவள் பேனர் டிசைன் செய்வாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அவள் கைதான். அதே விசேஷங்களில் எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். அது கடல்காற்றில் பச்சை பூத்துப் போய், நினைத்த நேரத்தில் அப்படியே நின்றுவிடும். நின்றால் அவள் மௌஸை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாள். என் நெஞ்சில் தட்டுகிற மாதிரி இருக்கும்.

அவளுடைய தாய்மாமன் மாதவரத்தில் பெரிய பிரஸ் வைத்திருக்கிறார். ஏசி ரூம், ஆளுக்கொரு மிஷின். வேலைக்கு வா என்று வெகு நாளாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் கண்ணீர் அஞ்சலிப் படம் ஒன்று பாதியில் நின்றுபோய், இறந்தவருடைய மகன்கள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். அவர்கள் போன பிறகு அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

“புது மிஷினு வாங்கு. அதுவும் இப்பிடித் தொங்கிச்சின்னா, நான் மாதவரத்துக்கு வேலைக்குப் போயிகினே இருப்பேன்.”

சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். சத்தம் போட்டதைச் சாயங்காலமே மறந்துவிடுவாள். சாதாரணமாகச் சொன்னதை அவள் செய்யாமல் விட்டதில்லை. அவள் இல்லாமல் அந்தக் கடையில் நான் தனியாக உட்கார்ந்ததே கிடையாது. வாடிக்கையாளரிடம் பேசுவது அவள், பேரம் முடிப்பது அவள், பாக்கியைக் கறாராகக் கேட்பதும் அவள். நான் தலையாட்டுவேன். கடையில் தலையாட்ட மட்டும் ஒரு ஆள் மிஞ்சினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு வேளை பட்டினி கிடந்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கம்ப்யூட்டர் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். புராசஸர் என்பது மிஷினுடைய மூளை. அதற்குள் கோர் என்று பல குட்டி மூளைகள், அதாவது பல வேலைக்காரர்கள். கிளாக் ஸ்பீடு என்பது ஒவ்வொரு வேலைக்காரனும் எவ்வளவு சுறுசுறுப்பு என்பதற்கான கணக்கு. எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இரண்டு இருந்தன. ஒன்றில் வேகமான ஆறு பேர். இன்னொன்றில் கொஞ்சம் நிதானமான பன்னிரண்டு பேர். வேகமான பன்னிரண்டு பேரும் இருந்தார்கள், ஆனால் அவர்கள் எங்கள் தெருப் பக்கம் வருகிறவர்கள் இல்லை.

வீடியோவில் பேசுகிறவர்கள் கடைசியில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். உங்கள் தேவையைப் பொறுத்தது. என் தேவை மனைவி மாதவரத்துக்குப் போகாமல் இருப்பது. அதற்கு எத்தனை கோர் என்று யாரும் சொல்லவில்லை.

மாடிவீட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் இழுக்கிற டிரைலர் டிரைவர். எஞ்சின் சமாச்சாரம் தெரிந்தவராயிற்றே என்று அவரைக் கேட்டேன்.

“மாமு, ஒரே வண்டி நூறுல போனா இன்னா, பத்து வண்டி அம்பதுல போனா இன்னா? எண்ணூர் ரோட்டுக்கு வந்தா எல்லாம் ஒண்ணாதான் நிக்கப்போவுது.”

அன்று முழுக்க, கம்ப்யூட்டருக்குள் எண்ணூர் ரோடு எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லா கோரும் மெமரிக்காக வரிசையில் நிற்கிற அப்படி ஒரு நெரிசல் வழி உண்மையிலேயே இருக்கிறதாம், பிறகு தெரிந்தது. அது வேறு கவலை.

மார்க்கெட்டில் மீன் விற்று, ஆய்ந்தும் கொடுக்கிற அக்காவிடமும் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. கவலை முற்றினால் நான் யாரைப் பார்த்தாலும் கேட்டுவிடுவேன். வேகமாக வேலை செய்கிற ஒரே ஆள் நல்லதா, நிதானமான பத்துப் பேர் நல்லதா என்றேன். அவர் அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

“இன்னா மீனு அது? வஞ்சரம்னா ஒரு ஆளுதான் வெட்ட முடியும். கூட நாலு பேரு குந்தினா வேடிக்கதான் பாக்கணும். நெத்திலின்னா பத்துப் பேரு ஆஞ்சாக்கூட நல்லதுதான். நீ வஞ்சரமா நெத்திலியா, சீக்கிரம் சொல்லு, பின்னால ஆளு நிக்குது.”

பயந்துபோய் நெத்திலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கம்ப்யூட்டர் விசாரிக்கப் போனவன் மீனோடு வந்து நின்றேன். மனைவி அதை வாங்கிக் குழம்பு வைத்தாள்.

மறுநாள் பாக்ஸுகள் கூரை வரை அடுக்கியிருந்த ஒரு கடைக்கு, மவுண்ட் ரோடு பக்கம் போனேன். விற்கிற தம்பி அவசரப்படுத்தாத பையன். இப்போது இருக்கிற மிஷின் நிற்கிற நேரத்தில் ஒரு திரையைத் திறந்து பார்க்கச் சொல்லி, எப்படி என்று காட்டினார். அதில் ஒவ்வொரு கோருக்கும் ஒரு கட்டம் இருக்கும், கட்டத்துக்குள் கோடு ஓடும். ஒரு கட்டம் மட்டும் உச்சியில் நின்று மற்றவை சும்மா கிடந்தால் வேகம் வாங்க வேண்டும். எல்லாக் கட்டமும் உச்சியில் நின்றால் எண்ணிக்கை வாங்க வேண்டும். போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

எக்ஸ்ரே எடுக்கப் போகிற மாதிரி திரும்பி வந்தேன். வெட்டி ஒட்டிய என் வீடியோவை ஒரே ஃபைலாக மாற்ற ஓடவிட்டேன். எல்லாக் கட்டமும் உச்சி. அதாவது நெத்திலி. பிறகு அவள் ஒரு காதுகுத்து பேனரைத் திறந்து சித்தப்பா முகத்தை நகர்த்தினாள். மிஷின் நின்றது. ஒரே ஒரு கட்டம் உச்சியில் தவிக்க, மற்ற மூன்றும் கரையில் குந்திக்கொண்டு வேடிக்கை பார்த்தன. வஞ்சிரம்.

பின்னால் நின்று படம் எடுத்தேன். அவள் திரும்பிப் பார்த்து, “வேல செய்யறவள இன்னாத்துக்கு படம் புடிக்கிற, மாதவரத்துக்கு அனுப்பறதுக்கா?” என்றாள். அது வேடிக்கைக்குச் சொன்னதா என்று தெரியாமல் சாயங்காலம் வரை கஷ்டப்பட்டேன்.

கடைக்காரத் தம்பி படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார், அண்ணி வேலைக்கு ஆறு, உங்கள் வேலைக்குப் பன்னிரண்டு. பிறகு படத்தில் தெரிந்த பேனர் ஃபைலைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். இவ்வளவு முகங்களையும் ஏன் தனித்தனியாக வைத்திருக்கிறீர்கள், எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்த்துவிட்டால் பழைய மிஷினே ஓடுமே என்றார். எனக்கு ஒரு நிமிஷம் விடுதலை வந்த மாதிரி இருந்தது. அங்கிருந்தே மனைவிக்குப் போன் போட்டேன்.

“ஒண்ணா சேக்கறதா? அவங்க வூட்லயே சேராம கீறாங்க, நான் எங்கேர்ந்து சேக்கறது?”

அவள் சொன்னது சரி. எங்கள் பக்கத்துப் பேனர் என்பது சொந்தக்காரர்களுடைய வரைபடம். தாய்மாமன் முகம் எவ்வளவு பெரியது, பெரியப்பா எந்த வரிசையில், போன மாதம் பேச்சு நின்றுபோன சித்தப்பா உள்ளேயா வெளியேயா என்பதெல்லாம் பிரிண்டுக்குப் போகிற நிமிஷம் வரை மாறும். ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு முகமும் தனித்தனியாக மிதந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் பாரம்தான் மிஷினை அழுத்தியது.

ஆறையே வாங்கினேன். என் வீடியோ முன்னைவிடக் கொஞ்சம்தான் சீக்கிரம் முடியும், அது ஓடும்போது வேறு எதுவும் அசையாது என்று தம்பி எச்சரித்தார். பரவாயில்லை என்றேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, ஒவ்வொரு பள்ளத்திலும் ஆறு பேருக்கும் அடிபட்டிருக்குமோ என்று தோன்றியது.

முதல் பெரிய வேலையாக ஒரு மஞ்சள் நீராட்டு பேனர் வந்தது. கடலுக்குப் போகிற குடும்பம், திருவொற்றியூர் குப்பத்துக்காரர்கள். பெண்ணுடைய பெரியப்பாவும் தாய்மாமனும் கூடவே வந்து அவள் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். முகங்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் வேறு யாரோ கல்யாணத்தில் எடுத்து வெட்டியவை. ஒருவர் தோள்மேல் யாருடையதோ கை மட்டும் மிச்சம் இருந்தது.

மிஷின் பறந்தது. அவள் முகத்தை இழுத்தால் அது விரலோடு வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். எனக்கு உடனே பசித்தது.

அந்தப் பசி நீடிக்கவில்லை. தாய்மாமன் தன் முகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். கேட்ட மாத்திரத்தில் ஆனது. உடனே பெரியப்பா தன் முகத்தையும் ஆக்கச் சொன்னார். அதுவும் ஆனது. அவர் கண்ணாடி போட்ட படத்துக்கு மாறினார், இவர் படகில் நிற்கிற படத்துக்கு மாறினார். பழைய மிஷினாக இருந்தால் ஒரு மாற்றத்துக்குள் ஆள் களைத்திருப்பான். இதில் சண்டைக்கு மூச்சுவிடவே இடம் கிடைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு தலைகளும் பேனரின் இரண்டு ஓரத்தையும் தொட்டுவிட்டன. நடுவில் அந்தப் பெண் தபால்தலை அளவுக்கு நின்றாள்.

“மச்சான், மொற தெரியாம பேசாத. மாமன் சீரு இல்லாம சடங்கு நடக்குமா? எம்மூஞ்சி சின்னதா போட்டா தட்ட தூக்கிகினு வரமாட்டேன், பாத்துக்கோ” என்றார் தாய்மாமன்.

“வராத, போ” என்றார் பெரியப்பா.

மனைவி திரையைப் பார்த்தபடியே, யாரிடமென்று இல்லாமல் மெல்லச் சொன்னாள். மாதவரத்தில் வேலை கொடுக்கிற பார்ட்டியை உள்ளே விடமாட்டார்களாம், டிசைனை மெயிலில்தான் அனுப்புவார்களாம். என் காதில் அது தெளிவாகவே விழுந்தது. மிஷின் தொங்கவில்லை, ஆனாலும் போகப் போகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

“யோவ்,” என்றாள், “அந்தக் கல்யாண வீடியோ ரெடியா கீதா?”

“கீது.”

“ஓடவுடு.”

“இப்பவா? எல்லாம் படுத்துக்கும்.”

“ஓடவுடு சொல்றேன்.”

ஓடவிட்டேன். ஆறு பேரும் ஒரே பாய்ச்சலில் என் கல்யாண வீடியோவுக்குப் போய்விட்டார்கள். திரையில் அம்புக்குறி சேற்றில் நடப்பதுபோல் நடந்தது. தாய்மாமன் தன் முகத்தை இன்னொரு சுற்றுப் பெரிதாக்கச் சொன்னார். அவள் இழுத்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“மிஷினு வேற வேலைல கீது, மாமா. வெளில போயி டீ சாப்ட்டு வாங்க” என்றாள்.

இருவரும் முறைத்தபடி எழுந்து போனார்கள். டீக்கடையில் முதலில் தள்ளித்தான் நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரியப்பா கையை ஆட்டி ஏதோ படகு எஞ்சின் கோளாறை விளக்கிக்கொண்டிருந்தார், தாய்மாமன் அவருடைய டம்ளரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே என் வீடியோ பாதி தாண்டியிருந்தது. இவ்வளவு மெதுவாக ஓடுகிற ஒன்றைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்ததும் தாய்மாமன் திரையை உற்றுப் பார்த்தார். முதல்முறையாகப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

“இன்னாம்மா இது, பொண்ணயே காணோம். எங்க ரெண்டு பேரு மூஞ்சியயும் ஒரே மாரி சின்னதா பண்ணிட்டு பொண்ணப் பெருசா போடு.”

பெரியப்பா தன் தோள்மேல் கிடந்த அனாதைக் கையை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவள் மாதவரத்துக்குப் போன் போட்டாள். நான் கேமரா பையைத் துடைக்கிற மாதிரி பக்கத்திலேயே நின்றேன். அங்கே எந்த மிஷின், எத்தனை கோர், எவ்வளவு வேலை கொடுத்தாலும் நிற்காதா என்றெல்லாம் விசாரித்தாள். மாமா பெருமையாக ஏதோ நீளமாகச் சொன்னார் போலிருக்கிறது.

“நிக்கவே நிக்காதா? அப்போ நமக்கு ஒத்துவராது மாமா” என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, பார்ட்டி வருகிற நேரத்துக்கெல்லாம் ஓடவிட ஒரு வீடியோ கைவசம் இருக்க வேண்டும் என்றாள்.

அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. ஒரே ஒரு கவலைதான். ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, என் கையில் வீடியோவே இருக்காது. ஆனால் கூழ் ஊற்றுகிற பேனருக்குத் தெரு மொத்தமும் முகம் கொண்டுவந்து கொடுக்கும்.