எழுபத்தொரு படிக்கு மேலே ஒரு யெஸ்டி

கீர்த்திவாசனைப் பதினாறு வருடமாக எனக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் தும்மினால் நான் இந்தப் பக்கம் ‘நூறு’ என்பேன். குன்னூரில் அரசாங்க எழுத்தர் வேலை. எதைக் கேட்டாலும் ‘பாக்கலாம்’ என்பார். அந்த ஒரு சொல்லை வைத்தே இருபது வருட சர்வீஸை ஓட்டிவிட்டார்.

எமரால்டு கிராமத்துப் பக்கம் ஒரு கேரட் கொட்டகையில் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் ஒன்று கிடந்தது. அதன் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து இவருக்குத் தூக்கம் போயிற்று. வாங்கிவிட்டார்.

எங்கள் வீடுகள் ரோட்டிலிருந்து எழுபத்தொரு படி மேலே இருக்கின்றன. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இங்கே யாராவது செத்தால்கூடத் துணியில் தூளி கட்டித்தான் கீழே கொண்டுபோகிறோம்; பாடை ரோட்டில் காத்திருக்கும். இது தெரிந்தும் மனிதர் வண்டியை அக்கக்காகக் கழற்றி, கேரட் சாக்குகளில் கட்டி, வாரம் ஒரு மூட்டையாக மேலே ஏற்றினார். மூன்றாவது மூட்டை வரை கேரட் என்றே நம்பி, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிலோவாவது வராதா என்று காத்திருந்தேன். எஞ்சினை மட்டும் கேஸ் சிலிண்டர் சுமக்கும் வேலன் தலையில் வைத்துக் கொண்டுவந்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

எல்லாம் போய் இறங்கியது முன்னறையில். அது அவர் மனைவி மரகதம் துணி தைக்கும் அறை. அந்த வீட்டில் வெளிச்சம் வரும் ஜன்னல் அங்கேதான் உண்டு. எஸ்டேட் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட் துணியோடு அங்கேதான் வந்து உட்காருவார்கள்.

“ஒரு மாசம் பொறுத்துக்க புள்ள. எஞ்சின் ஸ்டார்ட் ஆகட்டும், அன்னிக்கே வண்டி வெளிய போயிரும்” என்றார் கீர்த்திவாசன்.

தையல் மெஷின் சமையலறைக்குப் போனது. ஒரு மாதம் இரண்டு வருடமானது. காலையில் அவர் துரு தேய்ப்பார், சாயங்காலம் பனி இறங்கி மறுபடி துருவேறும். உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கரைக் காணோம் என்று மூன்று மாதம் கோயமுத்தூர்க் கடைகளையெல்லாம் சலித்தார். “இந்த கியர் கம்பியே ரெண்டுக்கும் ஆகாதுங்களா?” என்று மரகதம் கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் ஊட்டி மெக்கானிக் சில்வஸ்டர் வந்து, அதே கம்பியை உள்ளே தள்ளி மேலே தூக்கி உதைத்துக் காட்டினார். அப்போது கீர்த்திவாசன் சிரிக்கவில்லை.

போன மே மாதம் ஒரு ஞாயிறு, வண்டி உறுமியது. புகை என் வீடு வரை வந்தது. மாலை, எலுமிச்சம்பழம், எல்லோருக்கும் டீ. மரகதம் ஈரக் கையோடு வந்து நின்றார்.

“ஏனுங்க, ஸ்டார்ட் ஆயிருச்சுங்களே. எப்பங்க வெளிய போகும்?”

அவர் கதவைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ஹேண்டில்பார் கதவைவிட அகலம். அதைக் கழற்றி, நான்கு பேர் பிடித்து இறக்கிப் பார்த்தோம். படியில் தண்ணிக்குழாய் திருப்பத்தில் வண்டி சிக்கி, திரும்ப முன்னறைக்கே வந்து சேர்ந்தது. உலகத்திலேயே ஒரு அறைக்குள் ஓடத் தயாராக நின்ற வண்டி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

“பாக்கலாம்” என்றார் கீர்த்திவாசன்.

மரகதத்துக்கு அந்த வருடம் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் வேலை வந்திருந்தது, அறுபது செட். சமையலறையில் வெட்டிய முதல் துணியிலேயே எண்ணெய்க் கறை. பார்க்க வந்த ஜோவிதா டீச்சர், வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்கான இடம் இல்லையென்றால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மரகதம் அன்று புருஷனிடம் மறுபடி கேட்டார். அதே பதில்தான். இரண்டு வருடமாக இதையெல்லாம் சுவர் வழியே கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, அன்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் கீர்த்திவாசன் ஆபீஸ் போனதும் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் சத்தம். போய்ப் பார்த்தேன். மரகதம் தரையில் பழைய போர்வையை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றின் மேலும் தையல் சாக்பீஸால் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். போல்ட்டுகளுக்கு வெட்டுத் துணியில் சின்னச் சின்னப் பை தைத்திருந்தார்.

“உங்களுக்கு இதெல்லாம் தெரியுங்களா?” என்றேன்.

“ரெண்டு வருசமா அடுப்படியில இருந்து இதைத்தானுங்க பாத்துட்டிருந்தேன்.”

புருஷன் இரண்டு வருடத்தில் மாட்டியதை மரகதம் மத்தியானம் மூன்று மணிக்குள் கழற்றிவிட்டார். படியில் குடியிருக்கும் அத்தனை பேரும் ஆளுக்கொரு சாக்கைத் தூக்கினோம். எஞ்சினுக்கு மறுபடி வேலன். அவ்வளவு சந்தோஷமாக நான் சுமை தூக்கியதே இல்லை.

ஆறு மணி பஸ்ஸில் கீர்த்திவாசன் இறங்கினார். ரோட்டோரம் கேரட் சாக்குகள், மேலே தார்ப்பாய். பக்கத்தில் மரகதம்.

“வண்டி வெளிய வந்துருச்சுங்க. இனி இங்கயே மாட்டிக்குங்க.”

அவர் சாக்குகளை எண்ணுவதுபோல் பார்த்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

“மழை வந்தா என்ன புள்ள பண்றது?”

மரகதம் அதற்குள் நாலு படி ஏறிவிட்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்:

“பாக்கலாமுங்க.”