சிரியஸுக்கு எத்தனை மைல்

யுத்தத்துக்காகப் பம்பாய் முழுக்க விளக்கை மறைத்த வருஷங்களில்தான் மாட்டுங்காவுக்கு மேலே நட்சத்திரங்கள் இருப்பதே எனக்குத் தெரியவந்தது. அதற்கு முன் எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து தெரிந்ததெல்லாம் எதிர்வீட்டு மாமியின் துணிக்கொடிதான். அந்த மோகத்தில் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு வானவியல் புத்தகத்தைக் கொண்டுவந்து, திருப்பித் தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பி.எஸ்ஸி. பாஸாக இன்னும் பதினாலு மாசம் இருந்தது. வாய் மட்டும் எப்போதோ பாஸாகிவிட்டது.

அப்பா நல்லவர்தான். ஆனால் வரன் என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. நாலு தெரு தள்ளி ஒரு பையன், ரயில்வேயில் கூட்ஸ் ஆபீஸ் கிளார்க், ஜாதகம் பொருந்திவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள் என்றார். நான் அழுதேன். பட்டினி கிடந்தேன், ஒரு வேளைதான். கடைசியில் அப்பா இறங்கி வந்தார்.

"சரி, இப்படி வெச்சுக்கோ. அவாளா வேண்டாம்னு போயிட்டா, பரீட்சை முடியற வரைக்கும் நான் வரன் பேச்சே எடுக்க மாட்டேன். பிடிச்சுதுன்னு சொன்னா, தையில கல்யாணம். படிப்புக்கு நமஸ்காரம்."

ஆக, அவர்களை வேண்டாமென்று சொல்லவைக்க வேண்டும். அவ்வளவுதானே!

வந்தார்கள். பையனுடைய அம்மா, அவனுடைய மாமா, நடுவில் அவன். ஒல்லியாக, நெற்றியில் வியர்வையோடு, பஜ்ஜியைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாடத் தெரியுமா என்றாள். தெரியாது என்றேன். கோலம்? சுமார் என்றேன். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"நட்சத்திரம் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கணக்குப் போடுவா!" என்று உளறிவைத்தார்.

மாமாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "நம்ம பையனுக்கும் அதானே வேலை! ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தூரம் போடறதுல புலி" என்று சொல்லி, மேஜைமேல் கிடந்த என் புத்தகத்தைப் புரட்டினார். "இதோ போட்டிருக்கே, சிரியஸ், ரெண்டு புள்ளி ஏழு பார்செக். இது எத்தனை மைல்? ரெண்டு பேரும் போடுங்கோ, பாக்கலாம்."

பார்செக் என்பது வானவியல்காரர்களின் முழக்கோல். ஒரு பார்செக்குக்கு மூன்று புள்ளி இரண்டு ஆறு ஒளி ஆண்டு. ஒளி ஆண்டு என்றால் ஒளி ஒரு வருஷத்தில் ஓடும் தூரம், சுமார் ஐந்து லட்சத்து எண்பத்தெட்டாயிரம் கோடி மைல். இதையெல்லாம் நான் அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தேன். அவன் அதை ஒரு தடவை பார்த்தான், கண்ணை மூடித் திறந்தான்.

"எழுபத்திரண்டு லட்சம் கோடி மைல்."

மாமா தொடையில் தட்டினார். அவன் அம்மாவின் முகம் பூரித்துவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் மனசுக்குள் போட்டதில் எட்டு புள்ளி எட்டு ஒளி ஆண்டுதான் வந்தது. ஐம்பத்தொன்றே முக்கால் லட்சம் கோடி மைல். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சும்மா இருந்தால் தையில் கல்யாணம்.

"எப்படிப் போட்டேள்?" என்றேன், வெல்லம் மாதிரி.

அவன் முதல் தடவையாக நிமிர்ந்தான். "ரெண்டு புள்ளி ஏழு, அது மூணு. மூணு புள்ளி ரெண்டு ஆறு, அது நாலு. மூணு நாலு பன்னிரண்டு. அஞ்சு லட்சத்துச் சொச்சம், அது ஆறு. பன்னிரண்டாறு எழுபத்திரண்டு."

"மூணு புள்ளி ரெண்டு ஆறு எப்படி நாலாகும்?"

"மைல்ல துண்டு விழுந்தா, மேலே ஏத்தி முழு மைலா எழுதணும். கூட்ஸ் ஆபீஸ்ல அதான் ரூல்."

"சிரியஸ் என்ன கல்யாண் ஜங்ஷனா? இருபது லட்சம் கோடி மைல் கூடத் தள்ளி வெச்சுட்டேளே! அந்த நட்சத்திரம் உங்களை என்ன பண்ணித்து?"

சமையலறையில் என் அம்மா "ஈஸ்வரா" என்றது கூடத்துக்கே கேட்டது. மாமா பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பையனுடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. எழுந்து போகும்போது அவன் அம்மா, "லெட்டர் போடறோம்" என்றாள். நாலு தெரு தள்ளி இருப்பவர்கள் லெட்டர் போடுகிறோம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ தரையில் கால் பாவவில்லை. அந்தச் சிவந்த காதுகள் மட்டும் இரண்டு மூன்று நாள் என்னைத் தொந்தரவு செய்தன. பாவம், அவன் என்ன செய்வான், ஆபீஸ் பழக்கம்.

அடுத்த ஞாயிறு, அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, கதவு தட்டும் சத்தம். அவன்தான், தனியாக. கையில் அச்சடித்த ஆபீஸ் ஃபாரம் ஒன்று. அதன் பின்பக்கத்தில் சிரியஸ் கணக்கை ஏழு தசம ஸ்தானம்வரை போட்டிருந்தான்.

"உங்க பொண்ணு சொன்னதுதான் மாமா சரி" என்றான். "எட்டு புள்ளி எட்டு ஒளி ஆண்டு. நான்தான் இருபது லட்சம் கோடி மைல் கூடப் போட்டுட்டேன். ஒரு வாரமா இதேதான் போட்டுப் பாத்துண்டிருந்தேன். எனக்கு உங்க பொண்ணைப் பிடிச்சிருக்கு."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பிடித்தால் தையில் கல்யாணம் என்று அப்பா சொன்ன சொல் இருக்கிறதே! வெட்கத்தையெல்லாம் மூட்டை கட்டிவைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"நான் பரீட்சை எழுதணும்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. எனக்கே அவமானமாக இருந்தது.

அவன் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக் கேட்டான். "எத்தனை நாள் இருக்கு?"

"பதினாலு மாசம் கிடக்கேப்பா" என்றார் அப்பா. "உங்காத்துல ஒத்துக்கணுமே."

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். பதினாலு மாசம்னா ஒரு வருஷம், அப்புறம் ரெண்டு மாசம் துண்டு விழறது." ஃபாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "எங்க ரூல்படி ரெண்டு வருஷம் மாமா. நான் காத்துண்டிருக்கேன்."

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, உள்ளே பார்த்துக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

பரீட்சை எழுதி பாஸானேன். அவன் ரூல்படி மிச்சமிருந்த பத்து மாசமும் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன், அப்புறம்தான் கல்யாணம். இருபது லட்சம் கோடி மைலுக்குக் கூடத்தில் எல்லார் முன்னாலும் சண்டைக்கு நின்ற நான், அந்தப் பத்து மாசத்தை மட்டும் திருத்தவே இல்லை.