கருட சேவையில எடுத்த படம்

காஞ்சிபுரம் காலேஜ்ல சேர்ந்த வருஷம் என் கைக்கு ஒரு கேமரா வந்துச்சு. உத்திரமேரூர்ல கல்யாண வூட்டுக்கு வீடியோ எடுக்கப் போற அண்ணன் ஒருத்தரு, புதுசு வாங்கினதும் பழச எங்கிட்ட தள்ளிவுட்டாரு. அவ்ளோதான், பேய் புடிச்ச மாதிரி ஆயிட்டேன். கிளாஸ் முடிஞ்சதும் பஸ் ஸ்டாண்டு, பூ மார்க்கெட்டு, பட்டுக்கடைத் தெரு, கட்சி ஊர்வலம், தேரோட்டம்னு எங்க கும்பல் கூடுதோ அங்க நானும் நிப்பேன். "நம்ம ஊர்லயே வயலும் ஏரியும் கீதே, அத எடுக்கக்கூடாதா?"ன்னு கேப்பாங்க. மாட்டேன். நாத்து நடற பொம்பளைய வளைச்சு வளைச்சு எடுத்துட்டு 'கிராமத்து அழகு'ன்னு போடறவனுங்களக் கண்டாலே எனக்குப் பத்திக்கினு வரும். குனிஞ்சு நடறது எங்க அம்மா. அதுக்கு இடுப்பு வலிக்குது. அதுல இன்னாயா அழகு? டவுன்ல எல்லாரும் நிமிந்து நடக்கறாங்க, அதான் எனக்குப் புடிச்சுது.

நைனாவுக்கு இதெல்லாம் ஆவாது. "பொட்டப் புள்ளைக்குக் கேமரா இன்னாத்துக்கு? எவனாவது புடுங்கிக்கினு போவான், அப்ப வந்து அழுவ"ன்னு தெனமும் ஒரு தபா சொல்லுவாரு. அம்மா ரெண்டு படத்தப் பாத்துட்டு "நல்லாக் கீதும்மா"ன்னு அடுப்பாண்ட போயிடும். என் படத்த உக்காந்து பாக்கற ஒரே ஆளு என் சின்னம்மாதான். அம்மாவோட கூடப் பொறந்த தங்கச்சி. திருப்புலிவனத்தாண்ட எங்க ஊர்ல, எங்க தெருவுலயே நாலு வூடு தள்ளி வாக்கப்பட்டது.

ஞாயித்துக்கெழம மத்தியானம், பாத்திரம் கழுவுன ஈரக்கையப் பொடவையில தொடச்சிக்கினு வந்துடும். "இன்னா புதுசா எடுத்த, காட்டு." கேமராவுல சின்னதாத் தெரியுதுன்னு எல்லாத்தையும் போனுக்கு மாத்தி வெச்சுக் குடுப்பேன். தேரு, சாமி, மேடையில நிக்கற தலைவரு, எதையும் பாக்காது. பின்னால நிக்கற சனத்த ரெண்டு வெரலால இழுத்து இழுத்துப் பெருசாக்கிப் பாக்கும். நான் இன்னா நெனச்சேன்? ஆஹா, நமக்கும் ஒரு ரசிகை கெடச்சுதுன்னு நெனச்சு, காலேஜ்ல பீத்திக்கினு வேற திரிஞ்சேன்.

ஒரு நாளு கேட்டுச்சு: "பாப்பா, காலையில கொத்தனாரு, சித்தாளெல்லாம் வேலைக்கு நிப்பாங்களே, அந்த முக்குல நீ எடுக்க மாட்டியா?"

அப்பதான் என் மண்டையில ஏறுச்சு. சின்னம்மா என் படத்தப் பாக்க வரல. சித்தப்பாவத் தேடிக்கினு வருது.

சித்தப்பா சென்ட்ரிங் வேலைக்கு மெட்ராசுக்குப் போனவரு. பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா வூட்டுக்கு வருவாரு. ஒரு தபா வரல. போன் போட்டா சுச்சாப்பு. சண்ட சச்சரவு ஒண்ணும் இல்ல. போற அன்னிக்கிக் கூட பழைய சோறு சாப்ட்டுட்டு, ஊறுகா நல்லாக் கீதுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தோம். ஆஸ்பத்திரி, மேஸ்திரி வூடுன்னு நைனாவும் அலையாத எடம் இல்ல. வருஷந்தான் ஓடிச்சு. புள்ள குட்டியும் இல்ல. புள்ளைக்காக ரெண்டு பேரும் ஏறாத கோயில் இல்ல, முழுங்காத மருந்து இல்ல. அவரு போனப்பறம், "புள்ள பெக்காதவகிட்ட எவன் இருப்பான்"னு கொழாயாண்ட பேசினாளுங்க, சின்னம்மா காதுல வுழற மாதிரியே. வாயில்லாப் பூச்சி அது. கொடத்தத் தூக்கிக்கினு வந்துடும். நானா இருந்தா அந்தக் கொடத்தாலயே ரெண்டு போட்டிருப்பேன்.

ஆனா ஒண்ணு, நெத்தியில வெக்கற பொட்ட மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெருசாக்கிக்கினே வந்துச்சு. வெள்ளிக்கெழமன்னா தாலிக்கு மஞ்சள் தடவிக் கண்ணுல ஒத்திக்கும். அவரு உசுரோட கீறாருன்னு ஊருக்குச் சொல்ல அதுகிட்ட வேற இன்னா இருந்துச்சு?

அன்னியிலேர்ந்து நான் எடுக்கற படமே மாறிப்போச்சு. வெளிச்சம், நெழலு, ஒண்ணையும் பாக்கறதில்ல. மொகம், மொகம், மொகம். வேலைக்கு நிக்கற முக்கு, சாராயக்கடை வாசல், அன்னதானத்துல நிக்கற வரிசை, கட்சிக் கூட்டத்துக்கு லாரியில வந்து எறங்கறவங்க. காலேஜ்ல படக் கண்காட்சி வெச்சப்ப, என் படத்துக்கு முன்னால நின்னு தலையச் சாச்சு சாச்சுப் பாத்த சாரு, "இதுல எதப் பாக்கறதுன்னே தெரியலியேம்மா"ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! எதப் பாக்கணும்னு தெரிஞ்ச ஒருத்தங்க எங்க ஊர்ல கீறாங்க சார்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

இந்த நேரத்துலதான் சித்தப்பாவோட அண்ணன், சின்னம்மாவுக்கு மூத்தாரு, தலையில குண்டத் தூக்கிப் போட்டாரு. அவரு பொண்ணுக்கு மாப்ள அமைஞ்சு அமைஞ்சு தட்டிப்போவுது. குறி கேக்கப் போனா, "செத்தவனுக்குக் காரியம் பண்ணாம வெச்சுக்கினு கீறீங்க, அதான் நல்லது வாசப்படி ஏற மாட்டேங்குது"ன்னு பூசாரி சொல்லிட்டாரு. எங்க பக்கத்துல காணாமப் போனவங்களுக்கும் கருமாதி பண்றது உண்டு. உடம்பு இல்லன்னா வைக்கோல்ல ஒரு உருவம் கட்டி, வேட்டி சுத்தி, எல்லாச் சடங்கையும் அதுக்கே பண்ணிக் கொளுத்திடுவாங்க. அதோட பொண்டாட்டி தாலிய எறக்கணும், பொட்ட அழிக்கணும்.

மூத்தாரு முன்னால சின்னம்மா நிமிந்து பேசினதே இல்ல. அன்னிக்குக் கதவாண்ட நின்னுக்கினு, "வைகாசி வரைக்கும் பொறுங்க மாமா"ன்னுச்சு. "காஞ்சிவரத்துல கருட சேவைக்கு அவரு வருஷம் தவறாமப் போவாரு. உசுரோட இருந்தா வருவாரு."

"அந்தக் கும்பல்ல வந்தா யாரு பாக்கறது?"

சின்னம்மா என்னயக் காட்டுச்சு. "பாப்பா போட்டோ எடுக்கும்."

முந்தின வருஷங்கள்ல சின்னம்மாவே போய் நின்னு பாத்துச்சு. குள்ளமான பொம்பள, அந்தக் கூட்டத்துல முன்னால நிக்கறவன் முதுகத் தவிர இன்னாத்தப் பாக்கும்? நான் கெளம்பறப்ப என் கையப் புடிச்சுக்கினு, "ஒரே ஒரு படம் பாப்பா. மொகம் தெரிஞ்சாப் போதும். அத மூத்தாரு முன்னால வெச்சுட்டேன்னா எம் பொட்டுல எவன் கை வெப்பான்?"னுச்சு.

கூடப் படிக்கற பொண்ணு வூட்ல தங்கி, பொழுது விடியறப்ப ஒரு கடையோட மாடிப்படியில ஏறி நின்னுட்டேன். பெருமாளு கருடன் மேல அசைஞ்சு அசைஞ்சு வராரு. சனம் மொத்தமும் கையத் தூக்கி "கோயிந்தா"ன்னுது. எல்லாரும் சாமியப் பாக்க, நான் சாமிக்கு முதுகக் காட்டிக்கினு சனத்த எடுத்தேன். பக்கத்துல நின்ன மாமி ஒருத்தங்க என் தோளத் தட்டி, "ஏம்மா, பெருமாள் அந்தப் பக்கம் இருக்கார்"னாங்க. "தெரியும் மாமி"ன்னுட்டு எடுத்துக்கினே இருந்தேன்.

உத்திரமேரூர் பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து, எடுத்ததெல்லாம் போனுக்கு மாத்தி ஒவ்வொரு படமாத் தள்ளிக்கினு வந்தேன். கண்ணு பூத்துப்போச்சு. அப்ப ஒரு மொகம். எடது புருவம் ரெண்டாப் பொளந்து கீது. சென்ட்ரிங் பலகை வுழுந்து தையல் போட்ட புருவம். சின்ன வயசுல அந்தத் தழும்ப வெரலால தடவிக்கினே அவரு மடியில தூங்கினவ நான். "சித்தப்பா!"ன்னு பஸ்லயே கத்திப்புட்டேன். கண்டக்டரு திரும்பி, "இன்னாம்மா, ஸ்டாப்ப வுட்டுட்டியா?"ன்னாரு. "இல்லண்ணா, கெடச்சுட்டாரு"ன்னேன். சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு.

படத்தக் கொஞ்சம் தள்ளினேன். அவரு தோள்மேல ஒரு கொழந்த. ரெண்டு மூணு வயசு இருக்கும், பொண்ணு. கொலுசுக் கால அவரு மார்மேல தொங்கவுட்டுக்கினு, ரெண்டு கையாலயும் அவரு தலமுடியப் புடிச்சுக்கினு கீது. பக்கத்துல ஒரு பொம்பள, அவரு சட்டக் கையப் புடிச்சுக்கினு. கொழந்தைக்கு அவரு மூக்கு, அவரு நெத்தி, அச்சு அசலு. சித்தப்பா வாயெல்லாம் பல்லாச் சிரிச்சுக்கினு கீறாரு. எங்க ஊர்ல அவரு அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

மீதி வழியெல்லாம் போனக் கவுத்து வெச்சுக்கினு வந்தேன். பாவி மனுஷா, செத்தே போயிருக்கக்கூடாதான்னு கூட நெனச்சேன்.

காட்டாம இருக்கலாம்னா, சின்னம்மா பஸ் ஸ்டாப்லயே நிக்குது. என் மூஞ்சியப் பாத்ததும் அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அது வூட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கினு போனக் குடுத்தேன். மொதல்ல அவரு மொகத்த மட்டும் பாத்துச்சு. "தடிச்சுட்டாரு. நல்லாத் துன்றாரு போல"ன்னுச்சு. சந்தோஷமாத்தான் சொல்லுச்சு. அப்பறம் வெரலால தள்ளி அந்தப் பொம்பளையப் பாத்துச்சு. கொழந்தகிட்ட வந்ததும் வெரலு நின்னுபோச்சு. "அப்ப கொற எங்கிட்டதான்"னுச்சு.

"வுடக்கூடாது சின்னம்மா! ஸ்டேஷனுக்குப் போலாம். இந்த ஒரு படம் போதும், ஆளக் கண்டுபுடிச்சு இழுத்துக்கினு வந்து..."ன்னு நான் குதிச்சேன்.

"இழுத்துக்கினு வந்து? மூத்தாரு நாலு பேரோட போவாரு. அடிப்பாங்க. பஞ்சாயத்துல நிக்க வெப்பாங்க. அந்தப் புள்ள அதெல்லாம் நின்னு பாக்கணுமா?"

"அப்ப உன் பொட்டு?"

"வருவாருன்னு வெச்சுக்கினு இருந்தேன். இவரு வர மாட்டாரு பாப்பா." முந்தானையால மொகத்த அழுத்தித் தொடச்சுச்சு. அப்ப அதுக்கு வந்த கோவத்த நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. "செத்தாருன்னே இருக்கட்டும். கருமாதியப் பண்ணிடட்டும். மாலை போட வூட்ல படம் கூட இல்ல, கல்யாணப் படத்தக் கரையான் துன்னுடுச்சு. இதுலேர்ந்து அவர மட்டும் வெட்டிக் குடு."

மூத்தார்கிட்ட ஆளு கெடைக்கலன்னு சொல்லிட்டோம். இவ்ளோ வருஷம் கழிச்சு, இத எழுதலாமான்னு இப்ப கேட்டப்ப, "மூத்தாரும் போய்ச் சேந்துட்டாரு, அவரு பொண்ணு கல்யாணமும் ஆயிடுச்சு. எழுதிக்கோ. பேரு மட்டும் போடாத"ன்னுச்சு சின்னம்மா.

அந்தப் பொம்பளைய வெட்டறது சுளுவா இருந்துச்சு. கொழந்தையத்தான் எடுக்க முடியல. மார்மேல தொங்கற காலு ரெண்டையும் கொலுசோட அழிச்சு, அந்த எடத்துல சட்டைய இழுத்து ஒட்டினேன். முடியப் புடிச்சுக்கினு இருந்த வெரலுங்கள ஒவ்வொண்ணா எடுத்தேன். அந்தப் புள்ள இன்னா பாவம் பண்ணுச்சுன்னு அழுதேன். சின்னம்மா இன்னா பாவம் பண்ணுச்சுன்னும் அழுதேன்.

கருமாதி ஏரிக்கரையில நடந்துச்சு. மூத்தாரு படத்த உத்து உத்துப் பாத்து, "இவன் இவ்ளோ தடியாவா இருந்தான்?"னாரு. "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் பண்ணுவாங்க மாமா, கன்னத்த உப்ப வெச்சு"ன்னு சின்னம்மாவே பதில் சொல்லுச்சு. அவரும் தலையாட்டிட்டாரு. கண்ணீர் அஞ்சலி போர்டுல ஒல்லிக்குச்சிப் பெருசுங்களுக்கெல்லாம் கோட்டு சூட்டு மாட்டிவுடற ஊரு எங்க ஊரு, யாருக்கு சந்தேகம் வரும்? பொறந்த வூட்டுக் கோடிப் பொடவய எங்க அம்மா தட்டுல எடுத்துக்கினு வந்துச்சு. அதுக்கும் அப்ப ஒண்ணும் தெரியாது.

சின்னம்மா மொதல்ல அழவே இல்ல. "அழுவுடி, மனசுல வெச்சுக்காத"ன்னு பொம்பளைங்க முதுகத் தட்டினாங்க. வளையல ஒடச்சாங்க, பொட்ட அழிச்சாங்க. தாலிய எறக்கிப் பால்ல போட்டப்பதான் சின்னம்மாகிட்டேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு. மாலை போட்ட படத்தப் பாத்து, "இப்பிடிச் சிரிக்கறியே, இப்பிடிச் சிரிக்கறியே"ன்னு மார்ல அடிச்சுக்கினு அழுதுச்சு. சுத்தி நின்னவங்களும் படத்தப் பாத்துக் கண்ணத் தொடச்சுக்கினாங்க.

அதுக்கப்பறம் நான் கேமராவத் தொடல. ஒரு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழம, வெறும் நெத்தியோட சின்னம்மா வந்து பக்கத்துல உக்காந்துச்சு. அந்த நெத்தியப் பாக்க முடியாம நான் எங்கியோ பாத்துக்கினு இருந்தேன்.

"வெட்டாத படம் இருக்கா, அழிச்சுட்டியா?"

"கீது."

"அவரு வாணாம், அவளும் வாணாம். அந்தப் புள்ளைய மட்டும் எனக்கு ஒண்ணு வெட்டிக் குடு."

வெட்டினேன். கொழந்த சிரிச்சுக்கினு கீது. படத்துக்குக் கீழ ஓரத்துல, அது கைப்புடியில, கொஞ்சம் கருமுடி தெரிஞ்சுது. அது அவரு தலை.

"இத்தையும் எடுத்துடட்டா சின்னம்மா?"

போன வாங்கி அந்த எடத்தப் பெருசாக்கிப் பாத்துச்சு.

"இருக்கட்டும் வுடு"ன்னுச்சு.