பிழைக்கப் போனவர்

தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் எங்கள் மேலாளர் அந்தப் புகைப்படத்தை எடுத்துக் காட்டிய மத்தியானம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. புல் வேய்ந்த ஒரு மண்வீடு. அதன் முன்னால் தாடி வைத்த மனிதர், ஒரு பெண், வெறுங்காலோடு பிள்ளைகள். "இவர் என் பூட்டன். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்" என்றார்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் அந்தத் தொழிற்சாலையில் எனக்கு வேலை பழக்கியவர் அவர்தான். நோர்வேஜிய மொழியில் பகிடி விட்டுச் சிரிக்கவும் அவரிடம்தான் பழகினேன். நாங்கள் ஹொல்ம்லியாவில் வீடு வாங்கியபோது பூச்சாடியோடு வந்து, என் மனைவியின் உறைப்புக் கறியைக் கண்ணீர் வழிய ரசித்துச் சாப்பிட்டவர். அதனால் அவருடைய பூட்டனை நானும் சொந்தக்காரரைப் போலவே பின்தொடர்ந்தேன். பழைய தேவாலயப் பதிவுகளையும் அமெரிக்க உறவினர்களையும் மேலாளர் தேடித் தேடிப் பிடிக்க, அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கி வந்தார். கல்லும் சரிவுமான காணி, கிழங்கு அழுகிப்போன வருடங்கள், தன் தாயிடம் விட்டுப் போன மகன் - அவர்தான் மேலாளரின் தாத்தா - மறுகரையில் இன்னொரு குடும்பம். துறைமுகத்தில் இருமலை மறைத்து, தான் தனியாள் என்று பொய் சொல்லித்தான் கரையிறங்கினாராம். "கெட்டிக்காரன்!" என்று மேலாளர் மேசையில் தட்டினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அந்த நாட்களில் என் தம்பி எங்களோடு இருந்தான். எங்கள் ஊரில் போர் முடிந்தபின் பல நாடுகள் தாண்டி வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தவன். வழியில் இன்னொரு நாட்டில் தங்கியதை முதல் விசாரணையில் பயத்தில் மறைத்துவிட்டான். அது வெளிவந்ததும் அவன் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. யாராவது வேலை தர முன்வந்தால் இன்னொரு வழி பார்க்கலாம் என்றார் வழக்கறிஞர். தம்பி ஊரில் இயந்திரம் திருத்தியவன். எங்கள் தொழிற்சாலையிலோ அந்த வேலைக்கு ஆள் கிடைக்காத திண்டாட்டம். மேலாளரிடம் போய் நின்றேன்.

அவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பொய் சொன்ன ஒருவனுக்காக நான் எப்படிப் பேசுவது? உண்மையைச் சொல். அவன் உயிருக்குப் பயந்து வந்தானா, பிழைக்க வந்தானா?"

"உங்கள் பூட்டன் எதற்குப் போனார்?"

அவர் முகம் சிவந்தது. "அது வேறு காலம். அங்கே ஆட்கள் தேவைப்பட்டார்கள்."

இங்கே தேவையில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் எழுந்து கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

சில வாரங்களில், வேலையில் நின்றபோது மனைவி தொலைபேசியில் அழைத்தாள். "இஞ்சருங்கோ, பொலிஸ் வந்து தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், ஊருக்குத் திருப்பி அனுப்பப் போறாங்களாம். புட்டு அவிச்சு வச்சனான், ஒரு வாய் வைக்கேல்லை அவன்." பிறகு பேச முடியாமல் அழுதாள். நான் ஈரத் துணிகளை இயந்திரத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த கோடையில் மேலாளர் அமெரிக்கா போய்ப் பூட்டனின் கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்தார். ஓய்வு பெற்ற நாளில் நடந்த விருந்தில் அந்தக் கதையைத்தான் பேசினார். ஒன்றுமில்லாமல் புறப்பட்டு ஒரு வம்சத்தையே உண்டாக்கிய தைரியம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். திருப்பி அனுப்பப்பட்ட தம்பி அப்போது பிழைப்புக்காகக் கட்டாருக்குப் போய், தொழிலாளர் முகாம் ஒன்றில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் கிடந்தான். நாற்பது தாண்டியும் கலியாணம் இல்லை. இன்றும் அங்கேதான்.

போன மாதம் மகளோடு ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் நின்றபோது மேலாளரைக் கண்டேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைக் கட்டிப்பிடித்தார். பக்கத்தில் ஓர் இளம்பெண். அமெரிக்க உறவில் பேத்தி முறையாம். பூர்வீகத்தைப் பார்க்க வந்தவளுக்கு இங்கேயே தங்க ஆசை வந்துவிட்டதாம்.

"உன்னுடைய தொழிற்சாலையில்தான் கணக்குப் பகுதியில் சேரப் போகிறாள். நானே போய்ப் பேசினேன்" என்றார் பெருமையாக. "சொந்த இரத்தம் அல்லவா, விட முடியுமா? அவளைப் பார்த்துக்கொள்."

அந்தப் பிள்ளை கை நீட்டினாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கைகொடுத்து, நல்வரவு சொன்னேன். தம்பியைப் பற்றி அவர் கேட்பார் என்று ரயில் வரும்வரை காத்து நின்றேன். அவர் காலநிலையைப் பற்றிப் பேசினார்.

ரயிலில் ஏறியதும் என் மகள் கேட்டாள்: "ஆர் அப்பா அவர்?"

"எனக்கு வேலை பழக்கினவர்" என்றேன்.

"நல்ல மனிசன் போலை."

"ஓம்" என்றேன்.