கல் தின்னும் இச்சி மரம்

இந்த வருஷத் தொடக்கத்தில் என் குவாரியில் ஒரு பாறையைச் சுத்தியலால் தட்டினேன். கணீரென்று ஒலிக்க வேண்டிய கல்... பொத்தென்றது.

நான் மூன்றாம் கிளாஸோடு நின்றவன். குடிபாலாவில் ஜல்லி உடைத்துத் தொடங்கி, இன்று அதே குன்றுக்குக் குத்தகைதாரன். தட்டிப் பார்த்தே கல்லின் வயிற்றில் இருப்பதைச் சொல்வேன். சித்தூர் ஜில்லாவில் எனக்கு ஜோடி உண்டா?

அந்தத் திமிரில்தான் சபையாரிடம் வாயை விட்டிருந்தேன் — சர்ச் வாசலுக்கு இரண்டு தூண், ஒவ்வொன்றும் எட்டடி, ஒரே கல். ஒன்று நின்றுவிட்டது. மற்றதை இந்தப் பாறையில் வெட்டி ஈஸ்டருக்குள் நிறுத்த வேண்டும்.

பாறையைக் கெடுத்தது யார்? நானேதான். இருபது வருஷத்துக்கு முன், நிழலுக்காக அதன் வெடிப்பில் ஆல் ஜாதியான இச்சிக் கிளை ஒன்றைச் செருகி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். இப்போது வேரை ஒட்டிய கல், கையில் மாவாக உதிர்கிறது.

"மரத்த எடுத்துடலாம் ஐயா. அதுக்கு அடியில நல்ல கல்லு கீது. எட்டடிக்கு ஒரே கல்லு வேற எங்கியும் இல்ல" என்றான் மேஸ்திரி முனிசாமி.

மெட்ராஸ் காலேஜில் சயன்ஸ் சொல்லிக் கொடுக்கும் என் மருமகன் லீவில் வந்திருந்தார்.

"வேர் விடற மூச்சு மண்ணுத் தண்ணியில கலந்து புளிப்பாவுது மாமா. அதான் கல்லக் கரைச்சிக்கினு இருக்குது."

"அப்ப அது திருட்டு மரம்."

"இல்ல மாமா. காத்துல இருக்கிற கரியமில வாயுவத்தான் மரம் இழுக்குது. அது கரைஞ்ச கல்லோட சேர்ந்து, ஆத்துல போய்க் கடல்ல தங்கிடுது. காத்துல அவ்வளவு கொறையுது, பூமியோட சூடும் கொறையுது."

"எத்தினி நாளாவும்?"

"லட்சக்கணக்கான வருஷம்."

"எனக்கு ஈஸ்டருக்குத் தூண் வேணும் மாப்ள. வெட்டச் சொல்றீங்களா, வாணான்றீங்களா?"

"நான் பாடந்தான் சொன்னேன் மாமா."

படித்தவர்களிடம் இதுதான் தொல்லை!

கோடாலியோடு மூன்று நாள் போனேன். மூன்று நாளும் திரும்பினேன். என் கல்லைத் தின்பதும் அந்த வேர், ஊர் உலகத்துக் காற்றுக்கு உழைப்பதும் அதே வேர்... இதை எந்தக் கணக்கில் வைப்பது?

"இன்னா ஐயா, இன்னும் ரோசனையா?" என்றான் முனிசாமி. "நீங்க முடிவு பண்றதுக்குள்ள அது குன்னையே துன்னுடும்."

ஈஸ்டர் வந்தது. மரம் நிற்கிறது. இரண்டாவது தூணும் நிற்கிறது — இரண்டு துண்டாக, நடுவில் ஒட்டுப் போட்டு.

செய்தது சரியா, தப்பா? இன்றுவரை விளங்கவில்லை. சர்ச்சுக்குள் வரும் ஒவ்வொருவரும் அந்த ஒட்டை ஒரு தரம் தடவிவிட்டுத்தான் வருகிறார்கள்.

நான் எல்லோருக்கும் முன்பே போய், கண்ணை மூடி ஜெபத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.