இடது விலாவில் விழுந்த குத்து

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆடி மாதக் கடைசி. கள்ளக்குறிச்சியில் அக்கா வீட்டில் ஒரு சாயங்காலம் ஒன்றுக்குப் போனேன். சிவப்பாக வந்தது. மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக இருந்து நான் பயந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி. சுவரைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அங்கேயே நின்றேன்.

அதுவரைக்கும் என் உடம்பைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. எட்டாவதோடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு ஊரில் முழுசாக ஒரு வருடம் இருந்ததில்லை. போர்வெல் போடுகிற வண்டியோடு வடக்கே பல வருடம் சுற்றினேன். கேரளாவில் கல் உடைத்தேன். திருப்பூரில் சாயப்பட்டறை. உளுந்தூர்பேட்டையில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாவு பிசைந்தேன். கிடைத்ததைத் தின்று, இடம் கிடைத்த பக்கம் படுத்து எழுந்தாயிற்று. முப்பத்தைந்து வயதில், கச்சிராயபாளையம் போகிற சாலையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவள் புருஷன் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார். எனக்கு மக்காச்சோள மண்டியில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது.

ஒரு நாள் தெருவுக்கு வந்து பிரஷர் பார்க்கிற அம்மா என் கையிலும் பட்டையைச் சுற்றினார். இந்த வயசுக்கு ரொம்ப ஜாஸ்தி என்றார். மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைத்து, தினமும் நடக்கச் சொன்னார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. நான் நடக்க ஆரம்பித்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவேன், அங்கே போனால் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். நடக்காமல் உடம்பை வளைக்க வேறு என்ன வழி என்று தேடியபோதுதான், மூடிப்போன ரைஸ் மில் ஒன்றின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் பாக்சிங் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மாஸ்டர் என்னைவிட வயதில் சின்னவர். தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் பி.டி. வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராகக் கொட்டகைக்கு வந்துவிடுவார். முதல் நாளே உடம்புக்கு என்னென்ன இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்டார். வலிப்பு, மூச்சிரைப்பு, பழைய அடி, ஆபரேஷன். நான் பிரஷரைச் சொன்னேன். வடக்கே இருந்தபோது குடல்வால் எடுத்த தழும்பையும் காட்டினேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னார். டாக்டர் நெஞ்சை எல்லாம் பார்த்து, மாத்திரையை விடாமல் போட்டால் பயிற்சி செய்யலாம் என்றார். மாஸ்டரும் மாசக் கணக்கில் என்னைத் தொங்கவிட்ட மணல் மூட்டையைக் குத்தவும் கயிறு தாண்டவும் மட்டும்தான் விட்டார். நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவனுக்குக் கயிறு தாண்டத் தெரியவில்லை என்று பையன்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்புதான். வாழ்க்கையில் முதல்முறையாக, நாளைக்கும் இங்கேயே வரவேண்டும் என்று எனக்கு ஓர் இடத்தைப் பற்றித் தோன்றியது.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. குத்து வருகிறது என்றால் உடம்பு தானாக மறுபக்கம் திரும்பி முதுகைக் காட்டும். மாஸ்டர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். "கண்ணுக்கு எதிர்ல வர்ற அடிய கை தடுக்கும்ணா. முதுவக் காட்டுனா எதுவும் தடுக்காது." தலை புரிந்துகொண்டது, உடம்பு புரிந்துகொள்ளவில்லை.

கடைசியில் ஒரு நாள் எதிரே ஆள் நிறுத்தினார். அவன் வெள்ளிமலையிலிருந்து வந்து டவுனில் அறை எடுத்துத் தங்கி, போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவன். என் உடம்பில் பாதிகூட இருக்கமாட்டான். ரொம்ப மெதுவாகத்தான் ஆடினான், வயதில் பெரியவன் என்ற மரியாதையில். அவன் வலது கையை வீசினான். நான் வழக்கம்போல் திரும்பிவிட்டேன். என் வயிற்றுப் பக்கம் வந்த குத்து இடது விலாவுக்குக் கீழே, முதுகோரமாக விழுந்தது. மூச்சு நின்று திரும்பி வந்தது. மாஸ்டர் உடனே நிறுத்தினார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால் அந்தச் சிவப்பு.

அக்காவிடம் சொன்னேன். அவள் பதறவே இல்லை. "சூடுடா. வெயில்ல மூட்டை தூக்கிக்கினு தண்ணி குடிக்காம இருந்தா வேற இன்னா ஆவும்?" என்றாள். கால் கட்டை விரல் நகங்கள் இரண்டிலும் சுண்ணாம்பு தடவினாள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். பார்லிக் கஞ்சி காய்ச்சி ஒரு சொம்பு குடிக்கவைத்தாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. போர் வண்டியில் நீர்க்கடுப்பு வந்தால் நாங்கள் எல்லாரும் இதைத்தான் செய்வோம். சுண்ணாம்பு வைத்தால் எப்படியும் காலையில் சரியாகிவிடும்.

காலையிலும் சிவப்புதான். அதில் நூல் நூலாகக் கட்டி வேறு. விலாவில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. அடி எப்படி இருக்கிறது என்று விசாரிக்க மாஸ்டர் போன் செய்தார். சூடு பிடித்திருக்கிறது, சிவப்பாகப் போகிறது என்றேன். போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பைக்கோடு வாசலில் நின்றார். என் கால் விரலைப் பார்த்தார். "இன்னாணா இது?" என்றார். சுண்ணாம்பு என்றேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்த பெண் வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி, இடது பக்கம் அழுத்திப் பார்த்தாள். பிறகு வலது பக்கம். வலது பக்கத்தில் வெகு நேரம் தேடினாள். திரும்பிப் படுக்கச் சொன்னாள். மறுபடி தேடினாள். எனக்கு அடி விழுந்தது இடது பக்கம்தானே, இவள் ஏன் அங்கேயே நிற்கிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கேட்டாள். குடல்வால், பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும் என்றேன். எழுந்து போய் வேறொருவரைக் கூட்டி வந்தாள். இருவரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்கு ஒரு கிட்னிதான் இருக்குது. இன்னொன்ன யாருக்காவது குடுத்தீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நினைவு வேறு பக்கம் போய்விட்டது. வடக்கே ஆபரேஷன் நடந்த அந்த ஊர் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. தாங்க முடியாத வயிற்று வலி. முதலாளி வண்டியிலேயே போட்டுக்கொண்டு போய் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவர்கள் பேசிய பாஷை எனக்குத் தெரியாது. நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கண் விழித்தபோது வயிற்றில் தையல். குடல்வால் என்று எங்கள் வண்டி டிரைவர்தான் எனக்குச் சொன்னார். அவருக்கு மட்டும் என்ன தெரிந்திருக்கும்? ஸ்கேன் மேசையில் படுத்துக்கொண்டே அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தேன். என்னை அறுத்து எடுத்துவிட்டார்கள் என்றே முடிவு செய்தேன். அந்த ஆஸ்பத்திரிமேல் நான் அன்று போட்ட பழியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

என்னை வார்டில் படுக்கவைத்து, அசையக்கூடாது என்றார்கள். இருக்கிற ஒன்றில்தான் அடிபட்டிருந்தது. அது தேறுமா என்று இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும். மாஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கேக்க வேண்டியதெல்லாம் கேட்டேனேணா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அக்கா வந்தாள். நடையில் நின்று யாரிடமோ விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"யாருக்குடா குடுத்த?"

நான் கொடுக்கவில்லை என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"தளம் போட்ட காசு அதுவாடா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆபரேஷன் ஆன அடுத்த வருடம் நான் அக்காவுக்கு மொத்தமாகக் கொஞ்சம் பணம் அனுப்பியிருந்தேன். போர் வண்டி முதலாளி கணக்கு முடித்துக் கொடுத்தது. அதுவரை கூரை வீடாக இருந்ததை இடித்துவிட்டு, அந்தப் பணத்தை வைத்துத்தான் அவள் தளம் போட்டாள். அது கூலிப் பணம், வாங்காமல் முதலாளியிடமே விட்டு வைத்திருந்தேன் என்று சொன்னேன். சத்தியம் செய்தேன்.

"நீ சேத்து வெக்கிற ஆளாடா?" என்றாள். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் சேர்த்திருக்கிறேன். அதை யார் நம்புவார்கள்? அவள் அழக்கூட இல்லை. "அந்த வூட்ல நான் எப்டிடா படுப்பேன்?" என்று மட்டும் சொல்லிவிட்டு நடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். துணி எடுக்க வீட்டுக்குப் போனவள் உள்ளே கால் வைக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பி எடுத்துவரச் சொன்னாள் என்று மாஸ்டர் பிறகு என்னிடம் சொன்னார். நான் வாங்கிய குத்துகளில் இதைப் போல ஒன்று இல்லை.

பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றாம் நாள், சிவப்பு வெளிறிப் பழைய நிறத்துக்கு வந்த பிறகு, டாக்டரம்மா அக்காவையும் உள்ளே கூப்பிட்டார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். யாரும் எடுக்கவில்லை, எடுத்திருந்தால் ரத்தக்குழாயை வெட்டிக் கட்டிய தடம் இருக்கும், இவருக்கு அந்தக் குழாயே வளரவில்லை, பிறக்கும்போதே ஒன்றுதான் என்றார். இடது பக்கத்தில் இருப்பது இரண்டின் வேலையையும் செய்து செய்து பெரிதாகியிருக்கிறதாம். வயிற்றுத் தழும்பு குடல்வால் தழும்புதானாம். பிரஷர் ஏறினதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாமாம்.

அக்கா கேட்டாள், "யாரும் எடுக்கலைங்களா?"

இல்லை என்றார். அக்கா மறுபடி அதையே கேட்டாள். டாக்டரம்மா சலித்துக்கொள்ளாமல் மறுபடி அதையே சொன்னார். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, மூன்று நாள் அழுகையை அங்கேயே அழுது முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பித் தலையில் ஓர் அடி வைத்தாள்.

"அப்ப நெசமாவே நீ சேத்து வெச்சியாடா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அடுத்து வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மூட்டை தூக்கிய உடம்பு வலிக்குத் தினமும் மெடிக்கலில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரையைச் சொன்னேன். அவர் சிரிப்பு போய்விட்டது. இருக்கிற ஒரு கிட்னியைக் கொஞ்சம் கொஞ்சமாக நானே கொன்றுகொண்டிருந்தேன் என்று அன்றுதான் தெரிந்தது. இனி அந்த மாத்திரையும் கூடாது, எதிரே ஆள் நின்று குத்துவதும் கூடாது. "இன்னொரு தடவ இதே எடத்துல விழுந்தா, மாத்து இல்ல" என்றார்.

தேறி வந்த பிறகு கொட்டகைக்குப் போனால், வெள்ளிமலைக்காரன் இல்லை. அறையைக் காலி செய்துவிட்டான், போனும் எடுக்கவில்லை. அவன் குத்தியதில் ஒருத்தனுக்குக் கிட்னி போய்விட்டது என்று ஊரில் பேச்சு. கேஸ் வந்தால் போலீஸ் வேலை அவ்வளவுதான் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினேன். அக்காவும் தடுக்கவில்லை.

மலையில் அவன் அம்மா என்னை யாரென்று கேட்டுவிட்டு, பையன் வெளியூர் போயிருக்கிறான் என்றார். அதற்குள் பின்பக்கத்துச் சாமை வயலிலிருந்து அவனே எழுந்து வந்துவிட்டான். பத்தடி தள்ளி நின்றான். கண் தரையில் இருந்தது.

"ஒண்ணு என்னாலதானேணா போச்சு?"

சூடு என்று அக்கா நினைத்தாள். திருட்டு என்று நான் நினைத்தேன். விற்றுவிட்டான் என்று அக்கா மறுபடி நினைத்தாள். இத்தனை நாளாக இவன் இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறான். "நீ குத்தறதுக்கு மின்னாடியே இல்லடா. பொறக்கறப்பவே இல்ல" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. வலி மாத்திரை விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். நீ குத்தியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது, தெரிகிறபோது இருக்கிறதும் போயிருக்கும் என்றேன். அவன் கிட்ட வந்தான்.

"ஒண்ண வெச்சிக்கினு எப்டிணா அவ்ளோ மூட்டை தூக்குன?"

"எனக்கு யாரும் சொல்லலியே."

அவன் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தார். அடுத்த வாரம் அவன் கொட்டகைக்குத் திரும்பி வந்தான். நான் கையில் குத்து வாங்குகிற பஞ்சுத் தட்டைக் கட்டிக்கொண்டு, அவன் குத்துவதற்குப் பிடித்துக்கொடுத்தேன். முதல் நாள் பூவால் தொடுகிற மாதிரி தொட்டான். மாஸ்டர் திட்டிய பிறகுதான் குத்தினான். இப்போது அவன் போலீஸ்காரன். நான் இன்னும் அதே கொட்டகையில் மற்றவர்களுக்குத் தட்டுப் பிடிக்கிறேன். முதுகைக் காட்டுகிறவர்களைப் பார்த்தால் மாஸ்டரை முந்திக்கொண்டு நானே கத்துகிறேன்.

வயிற்றில் ஒன்று குறைவு என்ற அதிர்ச்சி எப்போதோ அடங்கிவிட்டது. ஆனால், தன் வீட்டுக்குத் தளம் வேண்டுமென்றால் இவன் உடம்பை அறுத்துக்கூடக் கொடுத்திருப்பான் என்று ஒரு நொடி யோசிக்காமல் அக்கா நம்பினாளே, அவள் என்னைக் கேவலமாக எண்ணினாளா, உயர்வாக எண்ணினாளா என்று இன்றுவரை பிடிபடவில்லை. அது பிடிபடாமல் இந்த ஊரைவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை.